இசைக்காரர்களுக்கு காமெடி எழுதுகிறீர்களா? இந்த இடங்களில் சறுக்கும்

2018 பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸில் ஃபிரெட் ஆர்மிசனின் ‘ஸ்டாண்ட்-அப் ஃபார் டிரம்மர்ஸ்’ வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் கிரேட் அமெரிக்கன் மியூசிக் ஹாலில் எடுத்த நிகழ்ச்சி. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் டிரம்ஸ் வாசிப்பவர்கள். ஆர்மிசனுக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்க டிவி காமெடி ஷோவில் 2002 முதல் 2013 வரை 11 சீசன் இருந்தவர். அதற்கு முன்பு சிகாகோவில் டிரெஞ்ச்மவுத் என்ற பங்க் பேண்டில் டிரம்மர். காமெடியும் தெரியும், தாளமும் தெரியும். அப்படி இருந்தும் நிகழ்ச்சி சப்பென்று போனது.

ஆள் சரியில்லை என்றால் ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆள் சரியாக இருந்தும் ஆட்டம் தேறவில்லை என்றால், அதில் எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஓப்பன் மைக்கில் இசைக்குழுக்காரர்கள் முன்னால் ஏறப்போகிறவர்களும், கல்லூரி கல்ச்சுரல்ஸில் பேண்டு பசங்களுக்கு நடுவே பேசப்போகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் தவறுதான் பெரிய தவறு. “அட, எனக்கும் இப்படித்தான் நடந்தது!” என்று கூட்டம் கைதட்டுவதைச் சிரிப்பு என்று கணக்கில் எழுதிக்கொள்வது. துறைக்காரர்கள் கூடிய இடத்தில் துறைச் சொல் ஒன்றைச் சொன்னாலே போதும், ஆரவாரம் வரும். டிரம்மர்களிடம் ஸ்டாண்டு தூக்கிச் சுமப்பதைச் சொன்னாலும் வரும், சவுண்டு என்ஜினியர் பெயரைச் சொன்னாலும் வரும். நம்ம கஷ்டம் இவருக்கும் தெரிந்திருக்கிறதே என்ற சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷத்தை வைத்து ஐந்து நிமிடம் ஓட்டலாம். ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது.

நம்ம ஊர் மெல்லிசைக் கச்சேரி ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டுக்காரர் முந்தைய பாட்டுக்கு டிரான்ஸ்போஸில் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) ஒன்று ஏற்றி வைத்தார், அடுத்த பாட்டுக்கு இறக்க மறந்துவிட்டார். “டிரான்ஸ்போஸ் மறந்துட்டாருங்க” என்று மேடையில் சொன்னால் கீபோர்டுக்காரர்கள் எல்லாம் கைதட்டுவார்கள். ஆனால் இது இன்னும் ஜோக் ஆகவில்லை, வெறும் தகவல். பாடகர் கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை எடுத்துவிட்டார், அரைச் சுரம் தள்ளி நிற்கிறது. கல்யாண வீடு, முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய்மாமன். பாடகர் கண்ணைத் திறக்கமாட்டார், திறந்தால் தப்பு அவருடையது என்று ஆகிவிடும். கீபோர்டுக்காரரோ திரும்பி, “என்னப்பா இது?” என்கிற முகத்தோடு பேஸ் கிட்டார் பையனை முறைக்கிறார். ஜோக் இங்கேதான் தொடங்குகிறது. டிரான்ஸ்போஸ் என்றால் என்னவென்று தெரியாதவருக்கும் பழியைத் தள்ளிவிடுகிற ஆளைத் தெரியும்.

1984-இல் வந்த ‘திஸ் இஸ் ஸ்பைனல் டாப்’ படத்தில் ஒரு கிட்டார்காரர் தன் ஆம்ப்ளிஃபையரைக் காட்டிப் பெருமைப்படுவார். எல்லா ஆம்பிலும் எண்கள் 10 வரை, அவருடையதில் மட்டும் 11. பத்தையே இன்னும் சத்தமாக வைத்துவிட்டால் என்ன என்று கேட்டால் ஒரு கணம் விழித்துவிட்டு, இது 11 வரை போகும் என்பார், அவ்வளவுதான். வாழ்க்கையில் ஆம்ப் பக்கமே போகாதவர்களும் இதற்குச் சிரிக்கிறார்கள். இசைக்காரர்கள் கூடுதலாகச் சிரிக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பொதுச் சிரிப்பு, அதற்கு மேல் துறைச் சிரிப்பு. ஆர்மிசனின் நிகழ்ச்சியில் பல இடங்களில் மேல்தளம் இருக்கிறது, கீழ்த்தளத்தைக் காணோம்.

இரண்டாவது, பழைய சரக்கு. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) வாசிப்பவரைக் கிண்டல் செய்வது எப்போதோ புளித்துப்போனது. ராக் உலகில் டிரம்மர் ஜோக்குகளும் அப்படித்தான். சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீன் நிறைந்துவிடும் என்பது மிருதங்க வித்வான்களே சொல்லிச் சொல்லிச் சலித்த நகைச்சுவை. இவற்றை அவர்கள் வேனில் போகும்போது உங்களைவிட நன்றாகச் சொல்லிக்கொள்வார்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவதை நான் மியூசியம் வியாதி என்பேன். நிகழ்ச்சியில் பல காலகட்டத்து டிரம் செட்டுகளை மேடையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து அந்தக் காலத்து வாசிப்பைக் காட்டுகிறார் ஆர்மிசன். பார்க்க அழகாகவே இருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதியும்கூட. ஆனால் ஒரு செட்டில் ஒலி வருகிறது, நாம் தலையாட்டுகிறோம், அவர் அடுத்ததற்கு நகர்கிறார். சரியாக வாசித்துக் காட்டுவது வேறு, வாசிப்பிலேயே ஜோக்கை வைப்பது வேறு.

வாசிப்பில் ஜோக்கை வைப்பது எப்படி என்று மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர் ஹைடன் 1781-லேயே காட்டிவிட்டார். ஓபஸ் 33 என்ற தொகுப்பில் இரண்டாவது குவார்ட்டெட் (நால்வர் வில் வாத்தியங்களில் வாசிக்கும் படைப்பு), ‘தி ஜோக்’ என்றே பட்டப்பெயர். கடைசிப் பகுதி துள்ளலாக ஓடி முடியப்போகிறது. திடீரென்று மெதுவாக, கனமாக ஒரு துண்டு வருகிறது. பிறகு பழைய மெட்டே திரும்ப வரும், ஆனால் துண்டு துண்டாக. ஒரு துண்டு வாசித்து நிறுத்தம், அடுத்த துண்டு, மறுபடி நிறுத்தம். மெட்டு முழுதாக முடிந்தபின் நீண்ட அமைதி. கைதட்டத் தெரிந்தவர் தட்டத் தொடங்கியிருப்பார். அப்போது நால்வரும் வில்லை எடுத்து, மெட்டின் முதல் துண்டை மட்டும் ரகசியம் சொல்வதுபோல வாசித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அதோடு சரி, படைப்பு முடிந்தது. தொடக்கத்தில் வந்த துண்டே முடிவாக நிற்கிறது. விவரம் தெரிந்தவர்தான் முதலில் ஏமாறுவார், கைதட்டும் அவசரம் அவருக்குத்தான். பேச்சே இல்லாமல், இசைக்காரனின் கர்வத்தைத் தொட்ட ஜோக்.

டென்மார்க்கில் பிறந்த காமெடியன் விக்டர் போர்ஜ் இதே வித்தையை பியானோவில் செய்தவர். இசைத்தாளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு தீவிரமாக வாசிப்பார், ஒலி எங்கேயோ போகும். பிறகு தாளைத் திருப்பி வைப்பார், ஊருக்கே தெரிந்த ‘வில்லியம் டெல்’ மெட்டு வரும். அவர் அங்கே எதையும் விளக்கவே மாட்டார்.

நான்காவது, விருந்தாளிகள். ஷீலா ஈ., கிரீன் டே ராக் பேண்டின் டிரே கூல் மாதிரி பெரிய டிரம்மர்கள் இந்த நிகழ்ச்சியில் தலைகாட்டுகிறார்கள். பெயர் சொன்னதும் அரங்கு எழும். வந்தவர் அமர்ந்ததும் அது கச்சேரி. காமெடியன் கட்டியிருந்த இறுக்கம் அங்கே தளர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து கட்டவேண்டும். விருந்தாளி வேண்டுமென்றால் அவரை ஜோக்குக்குள் மாட்டிவையுங்கள், கைதட்டலுக்காகக் கூப்பிடாதீர்கள்.

இந்த நிகழ்ச்சியில் எனக்கு நன்றாகச் சிரிப்பு வந்தது, அமெரிக்காவின் வெவ்வேறு பகுதிப் பேச்சுவழக்குகளை ஆர்மிசன் பேசிக்காட்டிய இடத்தில். டிரம்ஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! அவருடைய காது கூர்மையானது, அது பேச்சில் முழுசாக வேலை செய்கிறது. டிரம்மர்கள் என்று வந்ததும் பாசம் குறுக்கே நின்றுவிடுகிறது. இனத்தாரிடம் மரியாதை. கிண்டல் மெல்லியதாகி, எங்கேயும் சுருக்கென்று தைப்பதில்லை. நாலு பேர் முன்னால் தாள வேகம் ஓடிவிட்டால் “ஃபீலுக்காக அப்படி வாசிச்சேன்” என்று சமாளிப்பவர்கள், காதில் தாளம் தட்டும் க்ளிக் டிராக்கைத் திட்டிவிட்டு வீட்டில் தாளம் பழக உதவும் மெட்ரோனோமைத் தொடாதவர்கள், சோலோ முடிந்ததும் பாடகர் நன்றி சொன்னாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பவர்கள். இதையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்தால்தான் துறைக்காரர் விழுந்து சிரிப்பார். பாராட்டு அவருக்கு மற்ற மேடைகளில் கிடைக்கும்.

கேமராவையும் மறந்துவிடக்கூடாது. அரங்கு முழுக்க டிரம்மர்கள், சரி. அதை ஸ்ட்ரீமிங்கில் போட்டால் வீட்டில் பார்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் குச்சியைத் தொட்டதில்லை. கூட்டம் சிரிக்கிறது, நாம் ஜன்னலுக்கு வெளியே நின்று அடுத்த வீட்டு விசேஷத்தைப் பார்க்கிறோம். தமிழில் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ நிகழ்ச்சியில் அலெக்ஸாண்டர் பாபுவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் எடுத்துக்கொண்டது சினிமாப் பாட்டு. சுரம் தெரியாதவருக்கும் இடையிசை முதற்கொண்டு மனப்பாடம் என்பதால் கூட்டமே துறைக்காரர் ஆகிவிடுகிறது. மிருதங்கக்காரர்களுக்கு மட்டும், தவில்காரர்களுக்கு மட்டும் என்று எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் எழுதி முடித்ததும், வீட்டில் எந்த வாத்தியமும் வாசிக்காத ஒருவரை உட்காரவைத்து முழுவதையும் சொல்லிப் பார்க்கவேண்டும். அவர் சிரித்த இடங்கள் நிற்கட்டும். அவர் விழித்த இடங்களில் பாதியையாவது வெட்டிவிட்டு, மீதியை மட்டும் வாத்தியக்காரர்களிடம் கொண்டுபோகலாம்.