ஹோர்ட்டன் சமவெளிக்குள்ளால சைக்கிள்ல: ஊருக்கு வாற ஆக்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில இருந்து ஊருக்கு வாற எங்கட ஆக்கள்ல கனபேர் மலையகத்தை வான் கண்ணாடிக்குள்ளால தான் பாத்திருப்பினம். நல்லூர், ஒரு கலியாண வீடு, இடையில ரெண்டு நாள் நுவரெலியா, பிறகு ஏயர்போட். உடம்பு ஏலுமெண்டா அந்த ரெண்டு நாளை நாலு நாளாக்கி, நுவரெலியாவில தொடங்கி பட்டிப்பொல ஏறி ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள்ளால போய் ஒஹிய பக்கம் இறங்கி அப்புத்தளை வரைக்கும் சைக்கிள்ல வந்து பாருங்கோ. யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடத்துக்கு டபிள் ஏத்தி ஓடின காலெண்டாலும் இது வேற ஓட்டம், அங்க எதிர்காத்து ஒண்டு தான் ஏத்தம், இங்க ரோட்டே மேல பாத்துக்கொண்டு நிக்கும்.

முதல்ல மாசத்தை யோசியுங்கோ. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் தான் நல்ல காலம். மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, அக்டோபருக்குப் பிறகு மற்றப் பக்க மழை, அந்த நேரம் மேல போனா பனிப்புகாரைத் தவிர ஒண்டும் தெரியாது. ஆனா ஜனவரி பெப்ரவரியில விடியக்காலமை 0 பாகைக்குக் கிட்டக் குளிர் இறங்கி புல்லில வெள்ளையா உறைபனி கிடக்கும். ஸ்ரீலங்கா தானே எண்டு ரீசேட்டோட போகாதேங்கோ. 2025 நவம்பர் கடைசியில வந்த டித்வா புயலில மலையகத்தில கன இடத்தில மண் சரிஞ்சு ரோட்டும் கோச்சிப் பாதையும் உடைஞ்சது, அதால ரிக்கெற் போடமுதல் நீங்கள் போற ரோட்டும் ரெயினும் இப்ப எப்பிடி எண்டு தங்கப்போற இடத்தில ஒருக்கா கேளுங்கோ, மழை எண்டா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுற மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கோ. எச்சரிக்கை இருக்கிற நாளில ஓடவேண்டாம், அவ்வளவு தான்.

சைக்கிள் விசயம். சொந்தச் சைக்கிளைக் கொண்டு வாறதெண்டா கடையில கேட்டா காட்போட் பெட்டி தருவாங்கள், பெடலைக் கழட்டேக்க இடது பக்கப் பெடல் மற்றப் பக்கமாச் சுத்தினாத் தான் கழரும், அது தெரியாம இன்னும் இறுக்கிப்போட்டு நிக்கிற ஆக்கள் கனபேர். கியர் தான் முக்கியம், முன் பல்லை விட பின் பெரிய பல்லு பெரிசா இருக்கிற மாதிரிப் போட்டுக்கொண்டு வாங்கோ, பாரம் கட்டிக்கொண்டு ஏறேக்க முழங்கால் உங்களுக்கு நன்றி சொல்லும். மெல்லிய வால்வு வைச்ச 700 ரியூப் மலையகத்துச் சின்னக் கடைகள்ல தேடிக்கொண்டு நிக்கவேண்டாம், மூண்டு ரியூப் கையோட கொண்டு வாங்கோ, பிறேக் பாட் ரெண்டு சோடியும் சேத்து. ஊர்க்கடையில சுகமாக் கிடைக்கிறது 26 இஞ்சிச் சாமான். கண்ணாடி ஒண்டு பூட்டுங்கோ, கனடா ஐரோப்பாவில இருந்து வாறாக்கள் இடது பக்க ஓட்டத்துக்குப் பழகவே ஒரு நாள் போகும், வளைவுகள்ல பஸ் ஹோர்ன் அடிச்சா இடம் விட்டுக் குடுங்கோ.

கொழும்பில இருந்து மேல ஓடவேண்டிய தேவையில்லை. பதுளைப் பக்கம் போற கோச்சி ஓடுதெண்டா அதின்ர கார்ட் பெட்டியில சைக்கிளை ஏத்தலாம், ஆனா எல்லாக் கோச்சியிலயும் இல்லை, அதால முதல் நாளே கோட்டை ஸ்ரேசன் பார்சல் கவுண்டரில போய்க் கதைச்சு வையுங்கோ. நானுஓயாவில இறங்கினா நுவரெலியா கொஞ்சத் தூரம், அதுவும் ஏத்தம். முதல் நாள் ஒண்டும் பெரிசாச் செய்யாதேங்கோ, சீத்தா எலிய அம்மன் கோயிலுக்கும் ஹக்கல பூங்காவுக்கும் போட்டு வாங்கோ, போகேக்க இறக்கம், வரேக்க ஏத்தம், உங்கட கியர் சரியோ பிழையோ எண்டு அதிலயே தெரிஞ்சிடும்.

இனித் தான் நான் அடிச்சுச் சொல்லுற விசயம். ரெண்டாம் நாள் அம்பேவெல மாட்டுப் பண்ணையையும் காத்தாடிகளையும் பாத்துக்கொண்டு பட்டிப்பொல போய் அங்கயே படுங்கோ. கனபேர் நுவரெலியாவில இருந்தே இரவோட இரவா வெளிக்கிட்டு ஒரே நாளில உலக முடிவை, அதான் சமவெளி விளிம்பில இருக்கிற World's End பாறைச்சரிவை, பாக்கலாம் எண்டு நினைக்கினம், வானில எண்டா ஏலும், சைக்கிள்ல 30 கிலோமீற்றருக்கு மேல ஏறிப்போய்ச் சேரேக்க பத்து மணி தாண்டிடும். நான் முதல் முறை அப்பிடித் தான் போனன், உலக முடிவில நிண்டு வெள்ளைச் சுவரைத் தான் பாத்தன், பக்கத்தில நிண்ட ஆளின்ர முகமே மங்கல். ஒன்பது பத்துக்குப் பிறகு கீழ இருந்து முகில் ஏறத் தொடங்கிடும், பிறகு அண்டைக்குக் காட்சி முடிஞ்சுது. பட்டிப்பொல ஸ்ரேசன் நாட்டிலயே ஆக உயரத்தில இருக்கிற ஸ்ரேசன், 1,897 மீற்றர், அங்க படுத்தா மூண்டாம் நாள் விடியச் சமவெளிக்கு பத்துக் கிலோமீற்றர் அளவு தான் மிச்சம். பூங்கா ஆறு மணிக்குத் திறக்கும், வெளிச்சம் வந்தாப் பிறகு வெளிக்கிடுங்கோ, இருட்டில வேண்டாம், அது சிறுத்தை திரியிற காடு, வான்களும் அந்த நேரம் வேகமா வரும்.

பூங்காவுக்குப் போறதுக்கு முதல் நாளே அங்கத்தைக் கேற்றுக்கு ஒரு போன் போட்டு சைக்கிளுக்கு இப்ப என்ன விதி எண்டு கேட்டு வையுங்கோ. வெளிநாட்டுப் பாஸ்போட்டுக்கு ரிக்கெற் விலை உள்ளூர் ஆக்களின்ர விலையை விடப் பல மடங்கு, இரட்டைக் குடியுரிமை இருந்தா அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கோ. பொலித்தீன் உள்ள விடமாட்டாங்கள், பை பாத்து எடுத்துப் போடுவாங்கள், சாப்பாட்டை டப்பாவில கட்டுங்கோ. சைக்கிள் தார் ரோட்டில மட்டும் தான், பூங்காவுக்குள்ள இருக்கிற ஃபார் இன் கட்டடத்துக்குக் கிட்டப் பூட்டி வைச்சிட்டு உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி எல்லாம் ஒன்பது கிலோமீற்றர் சுத்து நடை, அதுக்கு நடக்கிற சப்பாத்து வேணும். உலக முடிவில நிலம் கிட்டத்தட்ட 870 மீற்றருக்கு நேராக் கீழ போகுது, விளிம்பில நிண்டு செல்ஃபி எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். ரோட்டோரத்தில மரை வந்து பக்கத்திலயே நிக்கும், சாப்பாடு குடுக்காதேங்கோ, பழகிப் போனா அதுக்குத் தான் கேடு. மகாவலி, களனி, வளவை மூண்டுக்கும் தண்ணி தொடங்கிற இடம் இந்தப் புல்வெளி, அந்த ஈரநிலத்தில ரயர் ஏத்தினாத் தடம் வருசக்கணக்காக் கிடக்கும்.

ஒஹிய பக்கம் இறக்கம் செங்குத்தான வளைவுகள். பிறேக்கை விடாமப் பிடிச்சுக்கொண்டே இறங்காதேங்கோ, சூடேறினாப் பிடிக்காமப் போகும், வளைவுக்கு முதல் நல்லாப் பிடிச்சு விட்டு, நேர் ரோட்டில ஆறவிட்டு, இடைக்கிடை நிப்பாட்டிக் கையையும் ஆத்துங்கோ. மேல போட்ட ஜக்கெற்றைக் கழட்டாதேங்கோ, வேர்வையோட இறங்கேக்க தான் குளிர் எலும்புக்குள்ள போகும். ஒஹியவில தேத்தண்ணி குடிச்சிட்டு பொரலந்த வழியா அப்புத்தளை, களைச்சுப் போனா ஒஹியவிலயே படுக்கலாம், இல்லாட்டி ஒரு ஓட்டோ பிடிச்சுச் சைக்கிளைப் பின்னால கட்டுங்கோ, அதில ஒரு வெக்கமும் இல்லை.

நாலாம் நாள் அப்புத்தளையில இருந்து தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலை தாண்டி லிப்டன் சீட் எண்ட மலைமேல் காட்சி இடம். முழுக்கத் தோட்ட ரோட்டு. எனக்கு இந்தப் பயணத்தில பெரிசாப் பட்டது காட்சியில்லை, இந்த நாள் தான். 1823இல இருந்து தோட்ட வேலைக்கு இந்தியாவில இருந்து கொண்டுவந்த சனத்தின்ர பேரப்பிள்ளைகள் இன்னும் லயத்தில, அதான் தோட்டத்து லைன் வீடுகள்ல, இருக்கினம், 1948இல இவையின்ர குடியுரிமையைப் பறிக்கேக்க எங்கட பக்கத் தலைவர்கள்லயும் சிலபேர் அதுக்கு ஆதரவா நிண்டவை, அதைத் தெரிஞ்சுகொண்டு போங்கோ. கொழுந்து எடுக்கிற அம்மாமாரைக் கேக்காமப் படம் எடுக்காதேங்கோ, பிள்ளையளுக்குக் காசு நீட்டாதேங்கோ, நிண்டு கதையுங்கோ. "எங்க இருந்து வாறீங்க"ன்னு கேப்பாங்க, அவங்கட தமிழ் வேற, உங்கட தமிழ் வேற, பத்து நிமிசத்தில ரெண்டும் சேந்திடும். சாமான் வாங்கிறதெண்டா லயத்துக் கடையில வாங்குங்கோ, ரொட்டியும் சம்பலும் அங்க தான் நல்லம்.

திரும்பிப் போகேக்க ஒண்டு, அவுஸ்திரேலியா நியூசிலாந்து ஆக்கள் ரயரில ஒட்டின சேத்தை பிறஷ் போட்டு நல்லாக் கழுவிக் காயவைச்சுப் பெட்டியில போடுங்கோ, மண் இருந்தா ஏயர்போட்டில மறிச்சு வைப்பாங்கள், படிவத்திலயும் சைக்கிள் இருக்கெண்டு எழுதுங்கோ.