பிய்யாத தோசை: மகளுக்குக் கற்றுக்கொடுத்த கதை

மூன்றாவது படிக்கும் மகளுக்கு லீவில் தோசை ஊற்றக் கற்றுக்கொடுத்தேன். மூன்று நாளும் பிய்ந்த தோசைதான். மாவு கரண்டியோடு சுருண்டு வரும், மிச்சம் கல்லில் ஒட்டும். அவள் கண்ணில் தண்ணீர்.

அவள் கையைக் குறை சொன்னது என் தப்பு. மேடை அவளுக்கு நெஞ்சு உயரம். முழங்கையைத் தூக்கி ஊற்றினால் கரண்டி மாவில் அழுந்தத்தானே செய்யும்? ஆடாத அகல மர முக்காலியில் ஏற்றிவிட்டேன். (பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டவே வேண்டாம்.)

அடுத்தது சூடு. கல் புகைகிற அளவுக்குக் காய்ந்தால் மாவு விழுந்த இடத்திலேயே வெந்து கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். இப்போது அவளே தண்ணீர் தெளிக்கிறாள்; 'சொய்ங்' அடங்கியதும் எண்ணெய் தொட்ட பாதி வெங்காயத்தால் தேய்த்து, தீயைக் குறைத்து ஊற்றுகிறாள். பரப்பிய பிறகுதான் தீயைக் கூட்டுவது. முதல் நாள் ராத்திரி சப்பாத்தி போட்ட கல்லில் தோசை எழும்பாது என்று அம்மா சொல்வார். அதற்கும் தனிக் கல் வாங்கியாயிற்று.

நாலாம் நாள் தோசை வட்டமாக இல்லை, ஏதோ தீவு மாதிரி இருந்தது. ஆனால் முழுசாக எழும்பியது. "அப்பா, இது உனக்கில்லை, ஆச்சிக்கு" என்று தட்டோடு ஓடிவிட்டாள்.