ஃபியட் 124 ஸ்பைடரில் பின்சக்கர பேரிங் மாற்றும் முறை

காவிரிப் படுகையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பின்சக்கர பேரிங் வேலையை ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. வயலோரச் சாலைகளில் தேங்கும் சேற்றுநீரும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றும் தேய்ந்த சீல் வழியாக உள்ளே புகுந்துவிட்டால், கிரீஸ் கெட்டு பேரிங்கின் குண்டுகள் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. 1966இல் அறிமுகமாகி 1985 வரை தயாரிக்கப்பட்ட ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடரை மனத்தில் வைத்தே இங்கே எழுதுகிறேன். இந்த வகைப் பின் ஆக்ஸிலில் சக்கரத்தோடு சேர்ந்த ஷாஃப்ட்டின் மீது பேரிங்கை நகராமல் நிறுத்துவது, சூடாக்கி இறுக்கப்பட்ட காலர் என்னும் எஃகு வளையம். அது நழுவினால் ஷாஃப்ட், டிஸ்க், சக்கரம் எல்லாம் ஒன்றாக வெளியே வந்துவிடும் என்பதால், இந்த வேலையில் முழுக் கவனமும் காலருக்கே உரியது.

பேரிங் தேய்ந்திருந்தால் வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடும். கிளட்சை அழுத்தினாலும் அது குறையாது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது அசைவு தெரிந்தாலோ, கையால் சுற்றும்போது கரகரப்பு உணரப்பட்டாலோ சந்தேகம் உறுதியாகும். டிஸ்க்கின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீலும் போய்விட்டது என்று பொருள்.

நம் வண்டல் மண்ணின் மீது ஜாக்கியை நேரடியாக வைக்கக் கூடாது. மேலே காய்ந்து கிடந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். பாரம் ஏறியதும் ஜாக்கி ஒரு பக்கமாக அமிழும். சிமென்ட் தரையிலேயே வேலை செய்யுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி, ஆக்ஸில் குழாயின் இருபுறமும் ஸ்டாண்டு வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகமான காலிபரைக் கழற்றியதும் அதன் பாரம் பிரேக் ஹோஸில் தொங்காதவாறு கம்பியால் கட்டிவிட்டு, டிஸ்க்கையும் எடுத்துவிடலாம். அடுத்து, பேரிங் தகட்டை ஆக்ஸிலோடு பிணைக்கும் போல்ட்டுகளை அகற்றி, இழுப்புச் சுத்தியை (கம்பியில் சறுக்கி அடித்து இழுக்கும் கருவி) பொருத்தி ஷாஃப்ட்டை வெளியே இழுக்க வேண்டும். ஷாஃப்ட் சாய்ந்தால் அதன் பற்கள் உள்ளிருக்கும் சீலைக் கிழிக்கக்கூடும். எப்படியும் புது சீல்தான் போடப்போகிறோம் என்றாலும், நேராக இழுத்துப் பழகுவது திரும்பப் பொருத்தும்போது உதவும்.

பழைய காலரைச் சாதாரணப் புல்லரால் கழற்ற முடியாது. கிரைண்டரால் அதன் மீது ஆழமான பள்ளம் போட்டு, ஷாஃப்ட்டைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தி, அந்தப் பள்ளத்தில் உளியை வைத்து ஓங்கி அடித்தால் அது வெடித்துத் தளரும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது. வெளிவந்த ஷாஃப்ட்டைத் தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் மைக்ரோமீட்டர் வைத்திருக்கும் நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், காலர் உட்காரும் இடத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்த இடம் தேய்ந்திருந்தால் சிலர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியால் புள்ளி குத்தியோ, வெல்டிங் வைத்தோ சரிசெய்து தர முன்வருவார்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அதை ஒருபோதும் ஏற்காதீர்கள். வேறு ஷாஃப்ட் தேடுவதே வழி.

புதிய பேரிங்கைப் பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 6306 என்றால் உள்விட்டம் 30 மி.மீ., வெளிவிட்டம் 72 மி.மீ., அகலம் 19 மி.மீ. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் சீல் உண்டு. இசட்இசட் என்றால் வெறும் உலோக மூடிதான். நம் பகுதியின் ஈரத்துக்கு முதல் வகையே ஏற்றது.

பொருத்தும்போது முதலில் தகடு, பிறகு பேரிங், கடைசியாகக் காலர். தகட்டை மறந்தால் புதுக் காலரையே வெட்டி எறிய நேரும். பேரிங்கை ஏற்றும்போது பிரஸ் என்னும் அழுத்து இயந்திரத்தின் அழுத்தம் உள்வளையத்தின் மீது மட்டுமே விழ வேண்டும். பேரிங்கின் மேல் தீச்சுடர் படவே கூடாது. காலரை மட்டும் தனியாக, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். அதன் ஓர் ஓரத்தை உப்புத்தாளால் பளபளப்பாக்கி வைத்தால், வைக்கோல் மஞ்சளும் ஊதாவும் கடந்து நீலம் தோன்றும்போது சூடு போதுமென்று அறியலாம், சிவக்க விடக்கூடாது. உடனே ஷாஃப்ட்டில் இறக்கி, பேரிங்கோடு இடைவெளியின்றி ஒட்டும்படி பிரஸ்ஸில் அழுத்திப் பிடித்து, தானாக ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது.

புது ஆயில் சீலின் உதட்டில் கியர் ஆயில் தடவி, ஷாஃப்ட்டை மெல்ல உள்ளே செலுத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிறகு டிஸ்க்கையும் காலிபரையும் மாட்டி, கார் சமதளத்தில் நிற்கும்போது டிபரன்ஷியலில் (பின் ஆக்ஸில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயில் நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் பயன்படுத்தாத நிலையில், இரண்டு பின்சக்கரங்களின் நடுப்பகுதியையும் தொட்டுப் பார்த்தால் சூடு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.

ஓடிச் சூடேறிய ஆக்ஸில் வெள்ளநீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, பிரீதர் என்னும் காற்றுத்துளை வழியாகவோ சீல் வழியாகவோ நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பயணத்துக்குப் பிறகு ஆயில் பால்போல் வெளுத்திருந்தால், அதை முழுவதும் வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள்.