ரயிலில் நாடு தாண்டுவது எப்படி: உட்லண்ட்ஸ் முதல் ஜொகூர் பாரு வரை

காட்பாடியில் திருப்பதி வண்டி ஏறினால், சித்தூர் வருவதற்குள் மாநில எல்லை தாண்டியிருக்கும். எங்கே தாண்டினோம் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். நாட்டு எல்லை அப்படி விடாது. விட்டுப் போகும் நாடு ஒரு தடவை பாஸ்போர்ட்டைப் பார்க்கும், போய்ச் சேரும் நாடு ஒரு தடவை பார்க்கும், அப்புறம் பையைச் சோதிக்கும் சுங்கம். விமானம் என்றால் கூட்டத்தோடு நடந்தாலே போதும். ரயிலில் எந்தக் கவுன்ட்டர் எந்த ஸ்டேஷனில் இருக்கிறது என்பது பாதைக்குப் பாதை மாறும். அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. பார்க்கப் போகிற அப்பா அம்மா, ஒரு நாள் எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாரு போய் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலையும் பார்த்துவிட்டு வர ஆசைப்படுவார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயில் ஊர்க்காரர்கள் ஆயிற்றே, ஆசை வராதா? அவர்களுக்காகவே இது.

முதல் படி: விசாவைப் பாருங்கள்

மலேசியா போக இந்தியர்களுக்கு இப்போது விசா தேவையில்லை. 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை தங்கலாம் என்ற சலுகை, 2026 முடியும்வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சிக்கல் திரும்பி வருவதில்தான். ஜொகூரிலிருந்து வரும்போது நீங்கள் சிங்கப்பூருக்குள் மறுபடியும் புதிதாக நுழைகிறீர்கள். ஆகவே சிங்கப்பூர் விசா பல முறை நுழைய அனுமதிப்பதா என்று விசாத் தாளில் பாருங்கள். ஒரு முறைக்கு மட்டும் என்றால் கோயில் ஆசையை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டும் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இரண்டு படிவங்கள்

மலேசியாவுக்கு எம்.டி.ஏ.சி. என்ற டிஜிட்டல் வருகை அட்டை, திரும்பும்போது சிங்கப்பூருக்கு எஸ்.ஜி. அரைவல் கார்டு. இரண்டையும் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். சென்னையிலிருந்து விமானத்தில் போனபோது நிரப்பிய சிங்கப்பூர் அட்டை இதற்குச் செல்லாது, புதிதாகவே போட வேண்டும். இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

பெயர் எழுதும் இடத்தில்தான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். ஆதாரில் 'கே. முருகன்', ரேஷன் கார்டில் வெறும் 'முருகன்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் விரிந்து 'முருகன் கண்ணப்பன்'. படிவத்துக்கு முக்கியம் பாஸ்போர்ட்டின் படப் பக்கம் மட்டும்தான். அங்கே குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் நீங்களாக அப்பா பெயரைக் கொண்டுபோய் நிரப்பாதீர்கள். அடுத்தது எண். இந்திய பாஸ்போர்ட் எண்ணில் பெரும்பாலும் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பின்னால் ஏழு இலக்கங்கள். அந்த ஏழில் 'ஓ' மாதிரித் தெரிவதெல்லாம் பூஜ்யம்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாகத் தட்டுங்கள், அவசரமே வேண்டாம்.

மூன்றாம் படி: டிக்கெட்

வண்டியின் பெயர் ஷட்டில் தெப்ராவ், நடத்துவது மலேசிய ரயில்வே. அவர்களுடைய ஆப்பில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சனி, ஞாயிறு இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். போகும்போது 5 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), வரும்போது 5 மலேசிய ரிங்கிட். ஒரே தண்டவாளம், அதே ஐந்து நிமிடப் பயணம், ஆனால் வரும்போது கட்டணம் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்! ஆர்.டி.எஸ். என்ற புதிய ரயில் ஓடத் தொடங்கியபின் இந்தச் சேவை நிறுத்தப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள், அதனால் கிளம்பும் நாளில் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: போகும்போது

சிங்கப்பூரின் எல்லைப் பகுதி உட்லண்ட்ஸ். அங்கே உட்லண்ட்ஸ் எம்.ஆர்.டி. (நகர ரயில்) ஸ்டேஷன் வேறு, உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடி வேறு. எம்.ஆர்.டி.யில் இறங்கிவிட்டு வண்டியைத் தேடாதீர்கள், அங்கிருந்து பேருந்திலோ டாக்சியிலோ போக வேண்டும். சாவடியில் முதலில் சிங்கப்பூர்க் கவுன்ட்டர், சில அடி தள்ளி மலேசியக் கவுன்ட்டர். இரண்டும் வண்டி ஏறும் முன்பே முடிந்துவிடும். இன்னும் சிங்கப்பூர் மண்ணில்தான் நிற்கிறீர்கள், ஆனால் கணக்குப்படி மலேசியாவுக்குள் நுழைந்தாயிற்று. ஜொகூரில் இறங்கியபின் பாஸ்போர்ட் கவுன்ட்டர் தேட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: வரும்போது

இங்கே வரிசை மாறும். மலேசியாவை விட்டு வெளியேறும் சோதனை ஜொகூர் பாருவின் ஜே.பி. சென்ட்ரல் ஸ்டேஷனில், வண்டி ஏறும் முன். சிங்கப்பூர்ச் சோதனை உட்லண்ட்ஸில் இறங்கிய பின். சிங்கப்பூர் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். படிவத்தில் மகனுடைய மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பு கிடைத்த தேதியை நம்பி இருக்காதீர்கள்.

ஆறாம் படி: பை

சிங்கப்பூர்ச் சுங்கம் கறார். சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவிலும் விலக்கு இல்லை. சூயிங்கம், வேப் (மின் சிகரெட்), மெல்லும் புகையிலை தடை. நம் வீட்டுப் பையில் ஒளிந்திருப்பது இன்னொன்று: கசகசா. குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசா சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஜொகூர் மளிகைக் கடையில் பார்த்தாலும் வாங்காதீர்கள். மருமகளுக்காக அம்மா கட்டிய மசாலாப் பொட்டலத்தையும் ஊரிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த சீட்டை மாத்திரை அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.

ஒரு பொருளில் சந்தேகம் என்றால் அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்புப் பாதையில் போய் அதிகாரியிடம் காட்டிக் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை, ஒன்றும் இல்லை என்று பச்சைப் பாதையில் நடந்துபோய்ப் பிடிபட்டால்தான் அபராதம். 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ரொக்கம் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். ஒரு நாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இருக்காது.

மலேசியாவிலிருந்து இன்னும் வடக்கே தாய்லாந்து போகிறவர்களுக்கு ஒரு வரி: எல்லை ஸ்டேஷன் பாடாங் பெசாரில் இரண்டு நாட்டுக் கவுன்ட்டர்களும் ஒரே கட்டடத்தில் இருக்கும், தாய்லாந்துக்கும் தனி டிஜிட்டல் அட்டை உண்டு, அங்கே கடிகாரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும்.