புரட்டாதியில் கூரையைப் பாருங்கள்: ஒழுக்குக்கு முந்திய அறிகுறிகள்

வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதற்கு முந்திய சோளக (தென்மேற்குக் காற்று) காலத்தில் காற்று ஓடுகளை அசைக்கிறது; வெயில் முகட்டுச் சீமெந்தை வெடிக்க வைக்கிறது; தகரத்தின் ஆணிகள் பகற் சூட்டிலும் இரவுக் குளிரிலும் விரிந்து சுருங்கும் தகட்டோடு சேர்ந்து தளர்கின்றன. மழை இல்லாததால் இவை எதுவும் நம் கண்ணில் படுவதில்லை. கூரையில் இந்தக் கேடு காய்ந்த மாதங்களில்தான் நடக்கிறது என்பதால், அதைத் தேடிப் பார்க்க வேண்டிய காலமும் அதுவே. சோளகம் தணிந்து மழை தொடங்காமல் இருக்கும் புரட்டாதியின் முற்பாதியை இதற்கென்று ஒதுக்கிக்கொள்வது நல்லது. அந்த நாட்களில் மேசனும் தச்சரும் கிடைப்பார்கள். முதல் மழைக்குப் பிறகு அவர்களைப் பிடிப்பது கடினம்.

2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்திலும், அதை அடுத்து வந்த பிற திட்டங்களிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எழுந்த வீடுகள் பலவற்றுக்கு இப்போது பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மீள்குடியேற்றத்தின் அவசரத்தில் நன்கு உலராத மரத்தையே கூரைக்கு ஏற்றியவர்கள் நம்மில் பலர். அத்தகைய மரம் கூரையில் இருந்தபடியே உலர்ந்து, முறுகி, ஆணியை விட்டு விலகத் தொடங்கும். ஆகவே வீடு புதியது என்று நினைத்துக் கவலையற்று இருக்க வேண்டாம்.

முதலில் ஏணியைத் தேடாமல் படலையடிக்குப் போய் நில்லுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் கூரையின் மேடு பள்ளங்கள் நிழலாகத் தெரியும். ஒரு நூலை இரு கைகளாலும் இழுத்துக் கண்ணுக்கு நேரே முகட்டோடு பொருத்திப் பாருங்கள். முகட்டின் நடுப்பகுதி நூலுக்குக் கீழே இறங்கியிருந்தால், முகட்டு வளையோ அதைத் தாங்கும் இடமோ பலம் இழக்கிறது என்று பொருள். இதுவே எல்லாவற்றிலும் பாரதூரமான அறிகுறி. முகடு நேராக இருந்து, முகட்டிலிருந்து சுவருக்குச் சாயும் இரண்டு கைமரங்களுக்கு நடுவில் மட்டும் ஓடுகள் குழிந்திருந்தால் அங்கே ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான சிலாகை வளைந்திருக்கிறது அல்லது உக்கியிருக்கிறது. ஓட்டு வரிசைகளையும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பின்தொடருங்கள். ஒரு வரிசை ஓரிடத்தில் மட்டும் கீழே இறங்கி நின்றால், ஓட்டின் பின்புறத்தில் சிலாகையைப் பற்றி நிற்கும் கொளுக்கி உடைந்திருக்கலாம். காட்டோரக் கிராமங்களில் குரங்குக் கூட்டம் கூரை மேல் ஓடிய மறுநாளே இந்தப் பார்வை தேவை. ஓர் ஓடு இரண்டு விரல் அகலம் நகர்ந்தாலே மழைநீருக்கு வழி கிடைத்துவிடும்.

பிறகு வீட்டுக்குள் வாருங்கள். சீலிங் இல்லாத வீடாயின், நண்பகலில் கதவு சன்னல்களைச் சாத்திவிட்டுச் சில நிமிடம் இருட்டில் நின்று மேலே பாருங்கள். ஒளிப்புள்ளி தெரியும் இடங்களுக்கு நேர் கீழே தரையில் கரியால் அடையாளம் இடுங்கள். ஓட்டின் அடிப்பக்கம் கருத்தோ பாசி படர்ந்தோ இருந்தால், அந்த ஓடு விரிசல் இல்லாமலே நீரை உறிஞ்சத் தொடங்கிவிட்டது. கழற்றி விரலால் தட்டிப் பார்த்தால் நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். வெடித்த ஓடு மந்தமாக ஒலிக்கும்.

மரத்தைப் பார்ப்பதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஓடுகளை ஒரு நாளில் மாற்றிவிடலாம். மரம் போனால் கூரையையே இறக்க வேண்டிவரும். கைமரம் சுவரில் அமரும் இடமும் தாழ்வாரத்து நுனியும் முதலில் கெடும் இடங்கள். கறையான் பெரும்பாலும் நிலத்திலிருந்து சுவர் வழியே மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறும். அந்தக் குழாயை ஓரிடத்தில் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்; திரும்பக் கட்டப்பட்டிருந்தால் புற்று உயிரோடு இருக்கிறது. அது கட்டப்படவில்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம், வேறு வழியில் ஏறக்கூடும். திருப்புளியின் நுனியால் மரத்தை அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உக்கிய மரத்தில் நுனி தானாக இறங்கும். பனஞ்சிலாகையில் வைரப் பகுதி நெடுங்காலம் நிற்கும், உட்புறத்து மென்மையான சோற்றிப் பகுதியே முதலில் அரிபடும். அதனால் வெளிப்பக்கத்தை மட்டும் தட்டிப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். தரையில் நாள்தோறும் ஒரே இடத்தில் மெல்லிய மரத்தூள் விழுந்தால் அதைக் கூட்டித் தள்ளுவதற்கு முன் நிமிர்ந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தூளை ஒரு வருடம் முழுவதும் கூட்டித் தள்ளினேன். கார்த்திகை மழையில் நனைந்து பாரம் கூடிய ஓடுகளோடு இரண்டு சிலாகைகள் கட்டிலின் மேல் விழுந்தன. அந்நேரம் அதில் எவரும் படுத்திருக்கவில்லை.

சுவரிலோ சீலிங்கிலோ பழுப்புக் கறை இருந்தால், அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து தேதியை எழுதுங்கள். அதன்மேல் பெயின்ற் பூசினால் அறிகுறிதான் மறையும், ஒழுக்கு நிற்காது. கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். நீர் கைமரத்தின் வழியே பல அடி தூரம் வழிந்து, ஏதாவதோர் ஆணியிலோ மூட்டிலோ வந்து சொட்டும். எனவே கறையிலிருந்து முகட்டை நோக்கித் தேடுங்கள். மின்குமிழையோ வயரையோ ஒட்டிக் கறை இருந்தால் முதன்மை ஆளியை நிறுத்திவிட்டு மின்வேலை தெரிந்தவரை அழைப்பதே முதல் வேலை.

குசினிக்காகவோ மாட்டுக்காகவோ பின்னால் இறக்கிய பத்தி (சாய்ப்பு) பிரதான சுவரைத் தொடும் மூலை, ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பலவீனமான இடம். அங்கே பூசிய சீமெந்து மயிரிழை போல வெடித்திருந்தாலே போதும், சுவர் வழியே நீர் இறங்கும். இலைசருகு நிறைந்த பீலியும் (கூரை நீரை ஏந்தும் வாய்க்கால்) இதே கேட்டைச் செய்யும்.

பத்திகளில் இன்றும் மீள்குடியேற்றக் காலத்துத் தகரங்களே பல இடங்களில் இருக்கின்றன. ஆணித்துளையைச் சுற்றித் துரு வட்டமாகப் பரவுவதும், ஆணித்தலையின் கீழுள்ள றபர் வெடித்துக் காய்வதும் தொடக்க அறிகுறிகள். காற்றில் ஓரத் தகரம் படபடக்கும் ஓசை கேட்டால் அதை அன்றே இறுக்க வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே புரெவிச் சூறாவளி கரையைக் கடந்தது. அத்தகைய காற்று முதலில் பிடிப்பது தளர்ந்த ஓரத்தைத்தான்.

அஸ்பெஸ்டஸ் சீற் போட்டவர்கள் ஆணித்துளையிலிருந்து நீளும் விரிசலையும், மேற்பரப்பு நார்நாராகப் பிரிவதையும் கவனியுங்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதலானது. ஆகையால் உலர்ந்த நிலையில் அதைத் தேய்க்கவோ, வெட்டவோ, துளையிடவோ கூடாது. பழைய சீற்றின் மேல் நேராகக் கால் வைப்பதும் ஆபத்து, எச்சரிக்கை இல்லாமலே முறிந்துவிடும். கொங்கிறீற் கூரையில் துருநிறக் கோடுகளும், தட்டும்போது பொள்ளல் ஒலியும் உள்ளே கம்பி துருப்பிடிப்பதைக் காட்டும்.

ஓட்டை எதுவென்று உறுதியாகாவிட்டால் செயற்கையாக மழை பெய்ய வைக்கலாம். ஒருவர் குழாயால் தாழ்வாரத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக முகட்டை நோக்கி நீர் விட, இன்னொருவர் உள்ளே ரோச் லைட்டோடு நிற்க வேண்டும். முகட்டிலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடமும் பரவி, எங்கே புகுந்தது என்பதே தெரியாமல் போகும்.

முதற் பெருமழை வந்த இரவில் பென்சில் கோடுகளை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் அங்கே தறப்பாளை உள்ளே கட்டாமல், மழை ஓய்ந்து கூரை காய்ந்ததும் வெளிப்புறத்தில், முகட்டுக்கு மேலாக மறுபக்கம் வரை இழுத்துக் கட்டுங்கள். முகட்டுக்குக் கீழே அதன் மேல் விளிம்பு நின்றால் நீர் தறப்பாளுக்கு அடியால் இறங்கிவிடும்.