ஹிட்லர்–ஸ்டாலின் கூட்டு நீடித்திருந்தால்? மாற்று வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் தங்கள் கதையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். மூன்றிலும் ஒரே கரு: ஜெர்மனியும் சோவியத்தும் 1939 ஆகஸ்ட் 23-ல் போட்ட ஒப்பந்தம் முறியாமல் நீடிக்கிறது. மூன்றிலும் பத்து வருடம் முன்பு நான் செய்த அதே பிழைகள். டாங்கியின் பெயரும் தளபதியின் பதவியும் மாறிப்போனால் அடுத்த வாசிப்பில் திருத்திவிடலாம். கதையையே சாய்ப்பவை வேறு.

1941 ஜூன் 22-ல் கதையைத் திருப்புவது

ஜெர்மனி சோவியத்துக்குள் உண்மையில் படையெடுத்த நாள் அது. அந்த நாளில் கதையைத் திருப்புவதைப் பார்த்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வருகிறது. "அன்றிரவு ஹிட்லர் படையெடுப்பைக் கைவிட்டார்" என்று ஒரு வரி. அடுத்த அத்தியாயத்தில் இருவர் கொடியும் லண்டனில் பறக்கும். நானும் இப்படித்தான் தொடங்கினேன். நூற்றைம்பது பக்கம் எழுதி முடித்த பிறகு நண்பர் ஒருவர் கேட்டார்: "சரி, கைவிட்டார். எல்லையில நிக்கிற முப்பது லட்சம் பேரை என்ன பண்ணுவார்?" என்னிடம் பதில் இல்லை. அத்தனை பக்கமும் வீண்.

அந்தத் தேதியில் திருப்புவதற்கு எதுவும் மிச்சமில்லை. சோவியத்தைத் தாக்கும் எண்ணத்தை 1940 ஜூலை 31-லேயே ஹிட்லர் தளபதிகளிடம் சொல்லிவிட்டார். கதவு கொஞ்சமாவது திறந்திருந்தது அந்த நவம்பரில்தான். 12, 13 தேதிகளில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் பெர்லினில் இருந்தார். ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைப் பங்குபோடுவது பற்றிப் பேச, மொலோடோவ் பின்லாந்தில் ஜெர்மன் படைக்கு என்ன வேலை என்றே கேட்டுக்கொண்டிருந்தார். 25-ஆம் தேதி மாஸ்கோவின் நிபந்தனைகள் வந்தன: பின்லாந்திலிருந்து ஜெர்மன் படை வெளியேற வேண்டும், பல்கேரியாவோடு சோவியத் ஒப்பந்தம், துருக்கி ஜலசந்தி அருகே தளம், பாக்கூவுக்குத் தெற்கே பாரசீக வளைகுடாத் திசையில் ஆதிக்கம். பெர்லின் பதிலே அனுப்பவில்லை. டிசம்பர் 18-ல் சோவியத்தைத் தாக்கும் திட்டமான பார்பரோசாவுக்கு உத்தரவு பிறந்தது.

அந்த அனுப்பப்படாத பதிலை நீங்கள் எழுத வேண்டும். பல்கேரியாவை விட்டால் ருமேனியாவின் ப்ளோயெஷ்டி எண்ணெய் வயல்களுக்கு ஸ்டாலின் இருபுறமும் நெருங்கிவிடுவார். பின்லாந்தை விட்டால் அங்கே பெட்சமோவில் கிடைக்கும் நிக்கல் போகும். ஹிட்லர் எதை விடுவார், எந்த நெருக்கடியில் விடுவார்? இதற்கு நாற்பது பக்கம் ஆனாலும் பரவாயில்லை.

"கொள்கை ஒத்துவராது, கூட்டே நடக்காது"

22 மாதம் நடந்தது.

சரக்குக் கணக்கை விடுவது

1940 பிப்ரவரி வர்த்தக ஒப்பந்தப்படி ஸ்டாலின் எண்ணெயும் தானியமும் மாங்கனீசும் அனுப்பினார். பதிலுக்கு இயந்திரங்கள், கட்டி முடிக்காத லுட்சோவ் போர்க்கப்பல். ஜெர்மனி பாக்கி வைத்தது; மாஸ்கோ சரக்கை நிறுத்தி வைத்தது. கூட்டு நீடிக்கும் உலகிலும் இந்த இழுபறி ஓயாது. கதைக்கு வேண்டிய சண்டை அதில்தான் இருக்கிறது.

செம்படையை உடனே இந்தியாவுக்கு அனுப்புவது

"இந்து மகா சமுத்திரத் திசை" என்பது ரிப்பன்ட்ராப் போட்ட தூண்டில். மொலோடோவ் கடிக்கவில்லை. இந்தியத் தொடர்பு வேண்டுமானால் சுபாஷ் சந்திர போஸைப் பாருங்கள்: 1941-ல் இத்தாலியப் பாஸ்போர்ட்டோடு காபூலிலிருந்து மாஸ்கோ வழியாக பெர்லின் போனார். அந்த வழி திறந்திருந்ததே இந்த ஒப்பந்தத்தால்தான்.

நடுவில் அகப்பட்டவர்களை மறப்பது

இருவர் கூட்டைச் சதுரங்கம்போல எழுதிவிடுகிறோம். மார்கரெட்டே பூபர்-நாய்மன் ஜெர்மன் கம்யூனிஸ்ட். ஸ்டாலின் அவரைக் கரகண்டா முகாமில் அடைத்தார்; 1940-ல் இரு தரப்புக்கும் எல்லையாக இருந்த பூக் ஆற்றின் பிரெஸ்ட் பாலத்தில் சோவியத் போலீஸ் அவரை ஜெர்மானியரிடம் ஒப்படைத்தது; அடுத்த ஐந்து வருடம் ராவன்ஸ்புரூக் முகாம். ஒப்பந்தம் முறியாத உலகில் அந்தப் பாலத்தில் ஆட்களைக் கைமாற்றுவது நிற்காது. பூக் ஆற்றங்கரையில், எந்தக் கரைக்கு ஓடுவது என்று தெரியாமல் நிற்கும் ஒரு குடும்பத்தையாவது முதல் அத்தியாயத்திலேயே கொண்டுவாருங்கள்.