மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு டபுள் ஐபிஏ

போன மாதம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக் கல்யாணம். மத்தியானப் பந்தி முடிந்து திண்ணையில் சாய்ந்திருந்தபோது சித்தப்பா மகன் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, சிங்கப்பூர்ல நீங்க வீட்டிலேயே பீர் காய்ச்சுறீங்களாமே. அடுத்த மாசம் நானும் அங்கதானே வர்றேன், எனக்கு ஒரு டபுள் ஐபிஏ கணக்குப் போட்டுக் குடுங்களேன்." ஐபிஏ என்பது ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் வாசனையும் தூக்கலான பீர்; டபுள் அதில் வலிமையான ரகம். எழுதுவதற்கு மொய் நோட்டுதான் கிடைத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் போட்ட கணக்கு இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நம்ம ஊரில் செய்து பார்க்காதீர்கள். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் சொந்த உபயோகத்துக்காக, வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சிக்கொள்ளலாம்; விற்கக் கூடாது. நம் கணக்கு 20 லிட்டருக்கு.

1. எங்கே போய் நிற்க வேண்டும்?

டபுள் என்றதும் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு போடுவது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1994-இல் கலிஃபோர்னியாவின் டெமெக்குலாவில் ப்ளைண்ட் பிக் என்ற சின்ன ஆலையில் வின்னி சிலூர்சோ போட்டதிலிருந்துதான் இந்த வகை தொடங்கியது என்பார்கள். மதுச்சத்து 7.5 முதல் 10 சதவீதம், கசப்பு 60 முதல் 100 ஐபியூ (கசப்பின் அலகு; லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கசப்பு அமிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்). இவ்வளவு இருந்தும் வாயில் இலேசாக இருக்க வேண்டும், பாகு மாதிரி நாக்கில் ஒட்டக் கூடாது. மால்ட் எக்ஸ்ட்ராக்டில், அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த இனிப்புச் சத்தில், காய்ச்சுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நாம் வைத்துக்கொள்ளும் இலக்கு: தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் உள்ளது) 1.075, கசப்பு 80 சுமார்.

2. இனிப்புக் கணக்கு

தண்ணீரின் அடர்த்தி 1.000; இனிப்பு கரையக் கரைய ஏறும். நமக்கு 1.075 வேண்டும், 0.001-ஐ ஒரு புள்ளி என்று வைத்தால் லிட்டருக்கு 75 புள்ளி. 20 லிட்டருக்கு 1,500. இதுதான் மொத்தக் கடன். யார் யார் எவ்வளவு கட்டுவது என்று பிரிப்போம்.

எக்ஸ்ட்ராக்ட் பொடி கிலோவுக்குச் சுமார் 365 புள்ளி தரும். வெள்ளைச் சர்க்கரை 380. பொடி 3.5 கிலோ என்றால் 1,277. சர்க்கரை அரைக் கிலோ, 190. கிரிஸ்டல் மால்ட் (வறுத்த முளைப் பார்லி) 200 கிராமைத் துணியில் கட்டி 65–70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் ஒரு 30. கூட்டினால் 1,497. மூணு புள்ளிக்காக யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

"சர்க்கரையா? ஏமாத்து வேலை இல்லையா அண்ணே?" என்றான். இல்லை. எக்ஸ்ட்ராக்டில் ஈஸ்ட் தின்னாத மிச்சம் கொஞ்சம் இருந்தே தீரும், அதுதான் பீரைக் கனமாக்குகிறது. சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிடும். அதனால் வலிமை கூடும், கனம் கூடாது. கடைசி அடர்த்தி 1.015-க்கு இறங்கினால், இரண்டுக்கும் உள்ள 60 புள்ளி வித்தியாசத்தை 0.131-ஆல் பெருக்குங்கள்: 7.9 சதவீதம்.

பொடியில் மிக வெளிறிய ரகமாக வாங்குங்கள். டின்னில் வரும் கூழ் ரகம் பழசானால் கறுத்துப்போகும், சுவையும் கெடும்.

3. கசப்புக் கணக்கு

கோழி வறுவலை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டையும் சோம்பும் முதலில் எண்ணெயில் விழும்; இடித்த மிளகும் கறிவேப்பிலையும் இறக்கும்போது விழும். முன்னால் போட்டது உள்ளே இறங்கும், பின்னால் போட்டது மூக்குக்கு. ஹாப்ஸும் அப்படியே. நெடுநேரம் கொதித்தால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலம் உருமாறிக் கசப்பாகும். ஆனால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும்.

60 நிமிடக் கொதிக்கு 12 சதவீத ஆல்ஃபா உள்ள மேக்னம் ரக ஹாப்ஸ் 40 கிராம். அதில் அமிலம் 4,800 மில்லிகிராம். கால்வாசிதான் பீரில் இறங்கும், 1,200. இருபது லிட்டரால் வகுத்தால் 60 ஐபியூ. கொதி முடிய 10 நிமிடம் இருக்கும்போது சிம்கோ ரகம் 30 கிராம், இதிலிருந்து இன்னொரு 13 போல. அடுப்பை அணைத்து, சூடு 80 டிகிரிக்கு வந்ததும் சிட்ரா ரகம் 60 கிராம் போட்டு 20 நிமிடம் மூடி வையுங்கள். மிச்சக் கசப்பு இங்கே வந்துவிடும்.

நான் முக்கியமாக நினைப்பது இதற்கப்புறம் வருவது: நொதித்து அடங்கிய பிறகு சிட்ராவும் சிம்கோவும் சேர்த்து 120 கிராம், அப்படியே பீருக்குள், மூன்று நாளைக்கு. பணம் குறைவாக இருந்தால் கசப்பு ஹாப்ஸில் மலிவானதை எடுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.

4. அடுப்படி

பாத்திரம் 30 லிட்டருக்குக் குறையக் கூடாது. 10 லிட்டரில் கொதிக்கவைத்துப் பிறகு தண்ணீர் விட்டு நிரப்பினால் நினைத்த கசப்பு கிடைக்காது. 24 லிட்டர் தண்ணீரில் பொடியில் பாதியை மட்டும் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். மீதியும் சர்க்கரையும் கடைசி 10 நிமிடத்தில். நிறம் கறுக்காது, ஹாப்ஸும் நன்றாக இறங்கும். பொடி போடும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பிடிக்கும். பையை ஆவிக்கு மேலே பிடித்துக் கொட்டினால் வாயிலேயே கட்டிதட்டி மிட்டாய் மாதிரி இறுகிவிடும். வேறு கிண்ணத்தில் அளந்து வைத்துக்கொண்டு ஒரே வீச்சில் கவிழ்த்துவிடுங்கள்.

கொதி நின்றபின் அதைத் தொடுகிற எல்லாமே கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 20 டிகிரிக்குள் ஆற்றுங்கள்.

5. ஈஸ்ட்

யூஎஸ்-05 என்ற உலர் ஈஸ்ட், 11.5 கிராம் பொட்டலம் இரண்டு. இவ்வளவு இனிப்புக்கு ஒன்று போதாது. சூடு 18–19 டிகிரி. என் முதல் பீரைச் சமையலறை மூலையில் 30 டிகிரியில் விட்டேன். மூடியைத் திறந்தால் நகப்பூச்சு வாசனை. குடித்தவர்களுக்கு மறுநாள் தலைவலி. அதன்பிறகுதான் பழைய குளிர்பெட்டி ஒன்று வாங்கி, சூடு கட்டுப்படுத்தும் கருவியை மாட்டினேன்.

பத்து, பன்னிரண்டு நாளில் அடங்கும். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டினால் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் அந்த 120 கிராம்.

6. பாட்டில்

லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை கரைத்து, குழாய் வழியாகச் சத்தமில்லாமல் இறக்குங்கள். நான் ஒருமுறை டீ ஆற்றுகிற மாதிரி மேலிருந்து ஊற்றினேன். காற்று கலந்து, பத்தே நாளில் பீர் பானக நிறத்துக்கு வந்துவிட்டது, வாசனை நனைந்த அட்டை. இரண்டு வாரம் வெளியே, பிறகு குளிர்பெட்டி. ஊறுகாய் மாதிரி வைத்து வைத்துச் சாப்பிடுகிற சரக்கு இல்லை, ஒன்றிரண்டு மாதத்தில் காலி செய்துவிடுங்கள்.

தம்பி அந்தத் தாளைக் கிழிக்கப் பார்த்தான். பின்பக்கத்தில் பெரியப்பா வீட்டு மொய் இருந்தது. அதனால் போனில் படம் எடுத்துக்கொண்டு போனான்.